பேரிக்காய் மரத்து யூதாஸ்

வீட்டுக்குள் கால் வைத்ததும் கொர்னேலியஸ் முதலில் பார்ப்பது கூரையைத்தான். ஆளைப் பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம். எட்மண்ட் இதைப் பல வருஷங்களாகக் கவனித்து வருகிறார். செருப்பைக் கழற்றும்போதே அந்த ஆளின் கண் மேலே போய்விடும். சீலிங் பலகையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பிறகுதான் கீழே இறங்கி வரும்.

"என்னப்பா எட்மண்டு, படிக்கிறியா?"

"ம்."

"படி, படி."

அவ்வளவுதான். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். எட்மண்ட் புத்தகத்தைப் பார்ப்பார், கொர்னேலியஸ் எட்மண்டைப் பார்ப்பார். எட்மண்டின் மனைவி பிலோமி தேநீர் கொண்டுவந்து வைப்பாள். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவில் பனிமூட்டமாய் மஞ்சு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஒரு வார்த்தை பேசாமல் சாயங்காலமே கழிந்துவிட்டதும் உண்டு. எட்மண்டுக்கு மௌனம் புதிதல்ல. எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்த நாளிலேயே அவர் வாயிலிருந்து வார்த்தையை வாங்குவது கஷ்டம். ஆனால் ஃபேக்டரி ஃபிட்டர் கொர்னேலியஸ் அப்படியல்ல. அரவேணு பஸ் ஸ்டாப்பில் நின்றால் பஸ் வருவதற்குள் பத்துப் பேரைச் சிரிக்க வைத்துவிடுகிற ஆள். அந்த ஆள் இந்த ஒரு வீட்டில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டு உட்காருகிறான்?

அந்தச் சீலிங்கை அடித்துக் கொடுத்ததும் கொர்னேலியஸ்தான். ஓட்டுச் சந்தில் குளிர் இறங்குகிறது, பிலோமிக்கு ஆகாது என்று சொல்லி, பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்துக் கொண்டுவந்து, விட்டம் ஒன்றுகூட வெளியே தெரியாதபடி மூடிவிட்டார். கூலி வாங்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. காரணமில்லாமல் ஒருத்தன் இன்னொருத்தன் வீட்டுக்குச் சீலிங் அடித்துக் கொடுப்பானா?

காரணம் இருக்கிறது என்று எட்மண்ட் நம்பினார். அவருடைய கழுத்தில் இருந்தது அந்தக் காரணம். மஃப்ளர் எப்போதும் மறைத்திருக்கும் இடத்தில், தோலைவிடக் கொஞ்சம் வெளுத்த ஒரு கோடு.

ஒரு காலத்தில் ஏசுவின் பாடுகளைச் சொல்லும் சூசையப்பர் கோயில் பாஸ்கா நாடகம் என்றால் கட்டபெட்டிலிருந்தும் கீழ் கோத்தகிரியிலிருந்தும் ஜனம் வரும். இந்துக்கள், படுகர்கள், எல்லோரும் வருவார்கள். குருத்தோலை ஞாயிறன்று, மதியம் தொடங்கி வெயில் சாய்வதற்குள் சிலுவையை இறக்கிவிட வேண்டும். கடைசி பஸ்ஸும் கரடியும் காத்திருக்க மாட்டா. கோயில் முற்றத்தில் நிற்கிற பேரிக்காய் மரம்தான் யூதாஸ் தூக்குப் போட்டுக்கொள்ளும் மரம். தவக்காலத்தில் அது வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். அந்தப் பூவுக்குக் கீழே நின்று, கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொண்டு எட்மண்ட் யூதாஸின் புலம்பலைப் பாடுவார். ஏசுவாக நடிக்கிறவனை ஊர் மறந்துவிடும், அந்தப் புலம்பலை மறக்காது. பாடி முடித்து ஸ்டூலை உதைத்துத் தள்ளுவார். ஆள் தொங்கும்.

உண்மையில் தொங்குவது கழுத்து அல்ல. ஃபேக்டரியில் கழித்துப்போட்ட மெஷின் பெல்ட்டை அறுத்து, நெஞ்சையும் தோளையும் சுற்றி வரும்படி கொர்னேலியஸ் ஒரு வார் தைத்திருந்தார். முதுகில் ஓர் இரும்பு வளையம். அங்கியின் பின்பக்கக் கிழிசல் வழியாகக் கையை விட்டு, கிளையிலிருந்து வரும் கொக்கியை அந்த வளையத்தில் மாட்டிவிடுவார். மரத்துக்குப் பின்னால் சாக்குப் படுதாவுக்குள் ஏணியில் நின்று மாட்டுவது அவர் வேலை. கழுத்துக் கயிறு சும்மா பார்வைக்குத்தான்.

கடைசியாக நாடகம் போட்ட வருஷம் எட்மண்ட் ஸ்டூலை உதைத்தார். உடம்பு ஒரு சாண் கீழே இறங்கியது. கயிறு இறுகியது. அவர் கால் உதறியதைப் பார்த்து ஜனம் கைதட்டியது. இதற்கு முன்னால் இவ்வளவு தத்ரூபமாக அவர் நடித்ததில்லை. டீக்கடை ஆறுக்குட்டி விசில் அடித்தார். கண் பிதுங்கியதைப் பார்த்த பிறகுதான் முன்வரிசையில் யாரோ அலறினார்கள்.

உயிர் வந்தது, குரல் வரவில்லை. காய்ந்த சருகை மிதித்த மாதிரி ஒரு சத்தம் மட்டும் மிச்சமானது. பாடற்குழுவில் அவர் நாற்காலிக்கு வேறு ஆள் வந்தான். நாடகத்தைச் சாமியார் நிறுத்திவிட்டார். தவறிப்போச்சு, தெய்வம் காப்பாத்துச்சு என்று ஊர் சொல்லிக்கொண்டது. கொர்னேலியஸ் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. 'நான் சரியாக மாட்டவில்லை, மன்னிச்சுக்கோ' என்றோ, 'நான் சரியாகத்தான் மாட்டினேன்' என்றோ ஒரு வார்த்தை இல்லை. அந்த யூதாஸ் வேஷத்துக்குக் கொர்னேலியஸ் ஆசைப்பட்டதும், சுருதி நிற்காது என்று அவரை ஒதுக்கியதும் எட்மண்டுக்கு நன்றாக நினைவிருந்தது.

மறு வாரத்திலிருந்து கொர்னேலியஸ் வீட்டுக்கு வரத் தொடங்கினார். விறகு கட்டும் தேங்காய்நார்க் கயிற்றை இரவல் கேட்டு எடுத்துப் போனார். அது திரும்பி வரவே இல்லை. கொல்லையில் துணி காயப்போடும் கொடியும் ஒருநாள் காணாமல் போயிற்று. பிலோமி அன்று முதல் துணியைத் தேயிலைச் செடிமேல் விரிக்கிறாள். ஏன் என்று கேட்டால், "இங்கதானுங்க நல்லாக் காயுது" என்பாள். சமையலறைப் பக்கம் அவளும் கொர்னேலியஸும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவார்கள், எட்மண்டின் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு உருளைக்கிழங்கு விலைக்கு மாறிவிடும். இருவருக்கும் தெரிந்தது எனக்குத் தெரியக்கூடாதா? இப்படிக் கேட்டுக் கேட்டே எட்மண்டுக்குத் தலை நரைத்தது.

கோயிலின் ஐம்பதாம் ஆண்டு வந்தது. ரிட்டயர் ஆன தபித்தாள் டீச்சர் ஒருநாள் படியேறி வந்தார். பழைய நாடகங்களில் மேக்கப், உடை எல்லாம் அவர் பொறுப்புதான்.

"ஊர்ல யாருகிட்ட என்ன தெறமை இருக்குதோ அதையெல்லாம் ஹால்ல வெக்கறோம். அப்புறம் நாடகத்துல நடிச்சவங்க ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பேசோணும். யூதாசு பேசலீன்னா எப்படிங்க?"

"என் குரல்..."

"மைக் வெக்கறமுங்க."

 டீச்சர் தேநீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

"பேசறேன்," என்றார் எட்மண்ட்.

அந்த நொடியே என்ன பேசப்போகிறோம் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும். மைக்கில் ஒரே ஒரு கேள்வி. 'கொர்னேலியஸ், அன்னைக்கு நீ கொக்கியை மாட்டினியா?' பதில் சொல்லட்டும். சொல்லாவிட்டால் அந்த மௌனத்தை எல்லோரும் பார்க்கட்டும். அதற்குப் பிறகு அந்த ஆள் இந்த வாசலை மிதிக்க முடியாது. பிலோமியும் சமையலறையில் யாரோடும் குசுகுசுக்க வேண்டியிருக்காது.

விழா நாளில் ஹால் நிரம்பி வழிந்தது. முட்டை ஓட்டில் செய்த பூக்கள், தீக்குச்சியில் கட்டிய கோயில், தபால்தலை ஒட்டிய அட்டைகள். பிலோமி பின்னிய குல்லாக்களும் காலுறைகளும் ஒரு மேஜை. மூலையில் ஆறுக்குட்டி வாயில் மவுத் ஆர்கனை வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் வாசித்தார். கூட்டம் அதிகமாக இருந்தது கொர்னேலியஸின் மேஜையில். பிடுங்கிப்போட்ட கிழட்டுத் தேயிலைச் செடிகளின் வேரைச் செதுக்கி, பாஸ்கா நாடகம் முழுவதையும் ஒரு முழ உயரப் பொம்மைகளாக நிறுத்தியிருந்தார்.

மவுத் ஆர்கனை இறக்கிவிட்டு ஆறுக்குட்டி எட்டிப்பார்த்தார். "ஏனுங்க கொர்னேலியஸு, ஏசுநாதர்ல இருந்து கூவற சேவல் வரைக்கும் எல்லாத்துக்கும் உங்க மூஞ்சியேதானுங்களா?"

கூட்டம் சிரித்தது. கொர்னேலியஸும் சிரித்தார். "மூஞ்சி மட்டும் எனக்கு வரமாட்டேங்குதப்பா. கண்ணாடியப் பாத்துச் செதுக்குனதுல வந்த வினை. அதுனால ஆரு என்ன போட்டிருந்தாங்கங்கறத வெச்சுக் கண்டுபுடிச்சுக்கோங்க."

கண்டுபிடித்தார்கள். பிலாத்து கையில் வாட்ச் இருந்தது. அதைக் கழற்ற மறந்து அவர் கையைக் கழுவிய கதை ஊருக்கே தெரியும். சீடர் ராயப்பர் தலையில் குரங்குக் குல்லா. மாதாவின் பாதத்தில் ரப்பர் பூட்ஸ்.

எட்மண்ட் கூட்டத்துக்குப் பின்னால் நின்று யூதாஸைத் தேடினார். ஒரு ஓரத்தில், பேரிக்காய்க் கிளைத்துண்டில், சணலில் தொங்கிக்கொண்டிருந்தது. என்னையும் எல்லோர் பார்வைக்கும் தொங்கவிட்டிருக்கிறான். அருகே போய்க் குனிந்து பார்த்தார். கொர்னேலியஸின் சப்பை மூக்கு, கொர்னேலியஸின் காது. அங்கிக்கு மேலே, கழுத்தைச் சுற்றி, தடிப்பாக ஒரு மடிப்பு. அதற்கு மட்டும் மெரூன் வர்ணம் பூசியிருந்தது.

"இது என்ன?" என்றார்.

"உன்ற ஸ்வெட்டர் காலரு. பிலோமி பின்னுனது. மறந்துட்டியா?"

"எருசலேம்ல எவன் ஸ்வெட்டர் போட்டான்னு நான் அன்னைக்கு அந்தச் சத்தம் போட்டேனே!" என்று தபித்தாள் டீச்சர் பக்கத்து மேஜையிலிருந்து சொன்னார். "காலரை உள்ள தள்ளித் தள்ளி விட்டேன், அது எட்டி எட்டிப் பாத்துச்சுங்க."

எட்மண்ட் பொம்மையின் கழுத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொர்னேலியஸ், நீ எனக்கு வாரைக் கட்டினப்ப நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேனா?"

"எங்க போட்டிருந்தே? வெறும் பனியன். அப்புறந்தான் மஞ்சு எறங்கி, விசாரணைக் காட்சி இழுத்துட்டே போச்சு. நீ பல்லு தந்தி அடிக்க உக்காந்திருந்தே. பிலோமி ஊட்டுல இருந்து ஸ்வெட்டரக் கொண்டாந்து குடுத்துச்சு." அதற்குள் யாரோ வேர் எங்கே கிடைத்தது என்று கேட்க, கொர்னேலியஸ் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

எட்மண்ட் அங்கேயே நின்றார். இத்தனை வருஷம் அவர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்த அந்த நாளில் வாரைக் கட்டுவது இருந்தது, ஸ்டூலை உதைப்பது இருந்தது. நடுவில் இருந்த குளிர் எங்கே போயிற்று? இப்போது வந்தது. பாடும்போது குரல் நடுங்கக்கூடாது என்று அங்கியைக் கழற்றி, வாரின் மேலேயே ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, அதன்மேல் அங்கியைப் போட்டுக்கொண்டது. வார்மேல். வளையத்தின் மேல்.

பிலோமியின் மேஜைக்குப் போனார். அவள் ஒரு குழந்தைக்குக் குல்லாவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மெரூன் ஸ்வெட்டர் என்னாச்சு?"

"எதுங்க?" பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அதைப் பிரிச்சு அப்பவே குல்லா பின்னிட்டேனுங்க. கிழிஞ்சுபோயிருந்துச்சு. மரத்துல இருந்து உங்களை எறக்கறப்ப ஆளாளுக்கு இழுத்ததுல போச்சுன்னு நெனச்சேன்."

"எந்த இடத்துல கிழிஞ்சிருந்தது?"

அவள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, முதுகில் விரலை வைத்தாள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். கொர்னேலியஸ் வளையம் வைத்துத் தைத்திருந்த அதே இடம்.

மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

மேடைக்கு ஏறியபோது கேள்வி இன்னும் நாக்கில்தான் இருந்தது. அத்தனை வருஷம் ஊறியது அவ்வளவு சீக்கிரம் கரையுமா? கொர்னேலியஸ் முன்வரிசையில் உட்கார்ந்து, மேடையின் மேல்விட்டத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். பழைய பார்வை. எட்மண்ட் மைக்கின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். பின்வரிசையில் பிள்ளைகள் நெளிந்தார்கள். "பேசுங்க யூதாசு!" என்று ஆறுக்குட்டி குரல் கொடுத்தார்.

"அன்னைக்கு எனக்குக் குளிர் தாங்கலை," என்றார் எட்மண்ட். சருகுக் குரல் ஹாலெங்கும் உரசிக்கொண்டு போயிற்று. "பெல்ட்டுக்கு மேல நான் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டேன். கொர்னேலியஸ் கிட்ட சொல்லலை. அவன் கையை விட்டுத் தடவினப்ப வளையம் கைக்குத் தட்டியிருக்கும். ஆனா கொக்கி கவ்வினது கம்பளி நூலை. தப்பு நடந்தது அப்படித்தான். இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது."

சிரிப்பதா, அழுவதா என்று ஜனத்துக்குத் தெரியவில்லை. தபித்தாள் டீச்சர் கையை வாயில் வைத்துக்கொண்டார். கொர்னேலியஸ் எழுந்தார். ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் நாற்காலிகளை இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எட்மண்ட் போய்ப் பார்த்தபோது அவர் பேரிக்காய் மரத்தடியில் நின்றிருந்தார். மரம் பூத்திருந்தது. மஞ்சு கல்லறைப் பக்கத்திலிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

"கொக்கில மெரூன் நூலு சிக்கியிருந்துச்சு," என்றார் கொர்னேலியஸ், திரும்பாமல். "நான் பாத்தேன். ஸ்வெட்டரு வாருக்கு உள்ளதான் இருக்கும், நூலு நீ உதறுனதுல ஒட்டுனதுன்னு நெனச்சுட்டேன். கொக்கி மூடித்தான் இருந்துச்சு எட்மண்டு. மாட்டறப்ப கிளிக்குனு சத்தம் கேட்டுச்சு. நான் மாட்டுனேன்னு எனக்கு நல்லாத் தெரியும். அப்பக் கழட்டுனது ஆரு?"

எட்மண்டுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"நானா?"

"வேற ஆரு? அந்தத் தவக்காலம் பூரா நீ ஆருகிட்டயும் பேசல. இந்த மரத்தடியிலயே வந்து வந்து உக்காந்திருந்தே. நெசமாத் தொங்குனா எம்புட்டு நேரத்துல உசுரு போகும்னு எங்கிட்டயே கேட்டே."

"நடிக்கறதுக்குக் கேட்டேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? நீ நடிக்கறியா நெசமாவாங்கறது உன்ற மூஞ்சியப் பாத்தா ஆருக்குத்தான் தெரியும்? பிலோமிகிட்ட மட்டும் சொன்னேன். தனியா விடாதே, கயிறு எதும் ஊட்டுல வெக்காதேன்னு." கொர்னேலியஸ் மூக்கைச் சிந்தினார். "உங்கிட்டக் கேக்கப் பயமா இருந்துச்சு. கேட்டா மறுபடியும் ஞாபகம் வந்துருமோன்னு."

சீலிங், கொடி, முக்காலியில் வாயை மூடிக்கொண்டு கழிந்த சாயங்காலங்கள், சமையலறைக் குசுகுசுப்பு. ஒவ்வொன்றாக எட்மண்டின் மனதில் திரும்பி உட்கார்ந்தன. ஒரு ஆளைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டு அவன் கொண்டுவந்த பலகைக்குக் கீழே இத்தனை வருஷம் குளிரில்லாமல் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்தார். தான் நினைத்ததைச் சொல்லிவிடலாமா? வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் இந்த ஆள் எங்கே போய் உட்காருவான்? அவர் சொல்லவில்லை.

ஹாலில் மறுபடியும் மவுத் ஆர்கன் தொடங்கியது.

"அப்ப நெசமாவே ஸ்வெட்டர் மட்டுந்தானா?" என்று கேட்டார் கொர்னேலியஸ்.

எட்மண்டுக்கு எதற்குமே உடனே பதில் சொல்லிப் பழக்கமில்லை. அந்தத் தவக்காலத்தை, இந்த மரத்தடியில் தனியே உட்கார்ந்திருந்த நாட்களை, தன்னையே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அதற்குள் கொர்னேலியஸின் கண் மெதுவாக மேலே போய், பூவுக்கு நடுவில் அந்தக் கிளையைத் தேடியது.

"ஸ்வெட்டர் மட்டுந்தான்," என்றார் எட்மண்ட்.

"செரி."

இருவரும் ஹாலை நோக்கி நடந்தார்கள். படிக்கட்டுக்கு வந்தபோது எட்மண்ட் கேட்டார். "அந்த நார்க்கயிறு இன்னும் உங்கிட்ட இருக்கா?"

கொர்னேலியஸ் சட்டென்று நின்றார். "எதுக்கு?"

"விறகு கட்டத்தான்."

கொர்னேலியஸ் அவருடைய முகத்தைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தார்.

"விறகை நானே கட்டிக் கொண்டாந்து போடறேன்," என்றார்.